மணி சொல்லும் கைமணிக்கூடு

கொழும்பில் மணிக்கூடு திருத்தும் கடையொன்றில் நேற்று மூக்கில் பட்ட எண்ணெய் வாசம், பன்னிரண்டு வயதில் நான் அடைபட்டிருந்த கல்முனை அறைக்கு என்னைக் கொண்டுபோய் விட்டது. வயதுக்கு வந்து பெரியபிள்ளையானதும், ஊர் வழக்கப்படி ஜன்னலையும் சாத்திவிட்டார்கள். பலகைச் சுவருக்கு அப்பால் வாப்பாவின் தம்பியான சாச்சா மணிக்கூடு திருத்தும் சத்தம்தான் எனக்கு வெளியுலகம்.

ஒருநாள் அவர் உள்ளே வந்து, கல்லோயா அணைக்கட்டு வேலைக்கு வந்த எஞ்சினியர் துரையின் கைமணிக்கூட்டை என் காதில் வைத்தார். நாலு சதக்காசை அடுக்கிய தடிப்புத்தான். ஓரத்துக் குமிழைத் தள்ளினால், உள்ளே இரண்டு மெல்லிய கம்பிகளைக் குட்டிச் சுத்தியல்கள் தட்டி, தடித்த ஓசையில் மணியையும், இரட்டை ஓசையில் கால்மணியையும், கீச்சு ஓசையில் நிமிஷத்தையும் சொல்லும்.

"எங்க பிழையெண்டு என்ட காதுக்குப் பிடிபடுதில்ல. நீ கேட்டுச் சொல்லு மகள்."

"கீச்சு ஓசை மட்டும் அமுங்கிக் கேட்குது சாச்சா. கம்பி மூடியில படுது போல."

அவர் கம்பியை மயிரளவு வளைக்க வளைக்க, நான் கேட்டுக் கேட்டுச் சொல்ல, மூன்றாம் நாள் ஓசை தெளிந்தது. அந்த மூன்று நாளும் பூட்டிய அறையில் இருப்பதையே மறந்திருந்தேன்.

துரை வந்து, "ஆர் இதைச் சரிபண்ணினது?" என்று வியந்தது பலகை வழியே கேட்டது. பலகையில் காதை ஒட்டிக்கொண்டு நின்றேன்.

"நான்தான் சேர்" என்றார் சாச்சா. வீட்டிலிருக்கும் கலியாணமாகாத குமரின் பேச்சை வெளியாளிடம் எடுக்கமாட்டார்கள்.

பிறகு உள்ளே வந்து, என் முகத்தைப் பார்க்காமல், "இன்னொண்டு வந்தா உன்னட்டத்தான் தருவன்" என்றார். "ஓம் சாச்சா" என்றேன்.

அப்படியொன்று கல்முனைக்கு மறுபடி வரவேயில்லை. மூன்று வருஷம் கழித்து, கலியாணத்துக்குத்தான் நான் அந்த அறையை விட்டு வெளியே வந்தேன்.