கருவியில் நேராக நின்றவன்

பேய் என்று எவன் வந்து சொன்னாலும் காறித் துப்புகிற ஆள் வீரமுத்து. அவனே பார்த்ததால்தான் இதை எழுதுகிறேன். கூட்டியும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை. நம்பாதவன் கோமுகி ஆற்றங்கரையில் போய் நின்று பார்க்கட்டும்.

எண்பத்தேழு, புரட்டாசி. இட ஒதுக்கீட்டு மறியல். கச்சிராயபாளையம் ரோடு முழுக்கப் புளியமரங்களை வெட்டிச் சாய்த்திருந்தார்கள். பஸ் இல்லை. ஆற்றங்கரை அரிப்பை அளக்க வந்த சர்வேயர் அரங்கநாதன் ஊரிலேயே மாட்டிக்கொண்டார். பையில் ஏரோப்ளேனிலிருந்து எடுத்த படங்கள். பழைய படத்தில் கரை எங்கே, இப்போது எங்கே என்று பார்த்துக் கோடு போடுவது அவர் வேலை. அந்தக் கோடு வீரமுத்து வீட்டைத் தொட்டால் கல்சுவர் கட்டுவார்கள். தொடாவிட்டால் அடுத்த வெள்ளத்தில் வீடு ஆற்றோடு போகும்.

"ஆகாசத்துல போறவனுக்கு என் வூடு இன்னா தெரியும் சார்?" என்றான் வீரமுத்து.

"உன் வைக்கோல் போரே தெரியுது. வந்து பாரு."

அவன் தம்பி பழனி வீட்டோரம் கரையில் அளவுக் கம்பைப் பிடித்து நின்றான். வீரமுத்துவும் சர்வேயரும் எதிர்க்கரையில். மத்தியான வெயில். முக்காலியில் நின்ற சர்வே கருவியின் தொலைநோக்கியில் வீரமுத்து கண்ணை வைத்தான். அந்தக் காலத்துக் கருவியில் எல்லாம் தலைகீழாகத்தான் தெரியும். கூரை கீழே. மண் மேலே. பழனி வௌவால் மாதிரி தொங்கினான்.

பக்கத்தில் இன்னொருத்தன்.

அவன் நேராக நின்றான்.

"தம்பி கூட யாரு சார்?"

அரங்கநாதன் நெற்றியில் கை வைத்துப் பார்த்தார். "யாருமில்லையே."

வீரமுத்துவும் வெறும் கண்ணால் பார்த்தான். பழனி மட்டும்தான். மறுபடியும் கருவியில் பார்த்தான்... இருந்தான். கழுத்தில் வெட்டு. ரத்தம் கீழே வழியவில்லை. முகத்தில் ஏறி, முடி வழியாக மேலே சொட்டியது.

அப்போதுதான் உறைத்தது. இதில் நேராகத் தெரிந்தால்... அங்கே அவன் தலைகீழாக நிற்கிறான்.

கையில் கோடாலி.

"பழனி, ஓடியாடா..."

சத்.

கருவியை விட்டுத் தலை நிமிர்ந்தான். தம்பியின் தாடை பிளந்திருந்தது.

சத்.

கம்பு விழுந்தது. பழனி விழுந்தான்.

பக்கத்தில் யாருமே இல்லை.

ரோட்டில் மாட்டு வண்டிகூட நுழைய வழியில்லை. கட்டிலில் போட்டு, விழுந்த மரங்களை ஏறித் தாண்டித் தூக்கிப் போனார்கள். பாதி வழியில் உயிர் போய்விட்டது. மறியல் கலாட்டாவில் எவனோ வெட்டிவிட்டான் என்றது ஊர்.

கள்ளக்குறிச்சி டாக்டர் வீரமுத்துவைத் தனியாகக் கூப்பிட்டார்.

"வெட்டினவன் பள்ளத்துல நின்னானா? ரெண்டு வெட்டும் கீழேருந்து மேல போயிருக்கே."



ஐப்பசி மழையில் கரை சரிந்தது. மண்ணுக்குள் எலும்புக்கூடுகள். தலை கீழே, கால் மேலே. ஒன்றல்ல... வரிசை. அந்த வரிசை வீரமுத்து வீட்டுக்கு அடியில் போனது. யார், எந்தக் காலத்தில் புதைத்தது என்று இன்றுவரை எவனுக்கும் தெரியாது.

கல்சுவருக்கு ஆர்டர் வந்துவிட்டதாக அரங்கநாதன் வந்து சொன்னார். வீரமுத்து பெண்டாட்டி பிள்ளைகளை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தான்.

"சுவரு வாணாம் சார். ஆறே எடுத்துக்கினு போவட்டும்."