சவுரி என்ற பெயரில்

சேலையூர் கேம்ப் ரோட்டில் ஒரு ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் பெண்களுக்கு ஸ்கூட்டர் ஓட்டக் கற்றுக்கொடுப்பது ஷீலாவின் வேலை. பேரன் பேத்தி எடுத்த பெண்கள்கூட அவளை நம்பி வந்து ஹேண்டில்பாரைப் பிடிப்பார்கள். பின்னால் உட்கார்ந்தபடி, "ஹாரன் அடிங்கக்கா, பயப்படாதீங்க. அவன் முறைச்சா முறைச்சிட்டுப் போறான். ரோடு என்ன அவன் அப்பன் வீட்டு சொத்தா?" என்று தெருவுக்கே கேட்கச் சொல்வாள்.

அதே ஷீலா போனில் விளையாடும்போது ஆம்பளை. பெயர் சவுரி.

நான்கு பேர் ஒரு அணியாகச் சேர்ந்து, தீவில் இறங்கி, மற்ற அணிகளைச் சுட்டு வீழ்த்தும் விளையாட்டு அது. கணவன் வில்பிரட் ஒரகடம் கம்பெனிக்கு ஷிஃப்ட் போன பொழுதுகளில், முதலில் சும்மா ஆரம்பித்தாள். சொந்தப் பெயரில்தான் ஆரம்பித்தாள். முதல் நாளே மைக்கில் அவள் குரலைக் கேட்ட ஒருவன், "அடுப்புல குழம்பு தீயுது, போய்ப் பாரு" என்றான். கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். அடுத்தவன் போன் நம்பர் கேட்டான். கொடுக்காததற்கு அவன் சொன்ன வார்த்தையை அவள் யாரிடமும் சொன்னதில்லை. விளையாட்டை விட்டுவிட மனமில்லை. மைக்கை அணைத்தாள், அப்பா சவுரிமுத்துவின் பெயரில் பாதியை எடுத்து வைத்துக்கொண்டாள். மைக் ரிப்பேர் என்று எழுதிவிட்டால் யாரும் எதுவும் கேட்பதில்லை.

சவுரி நன்றாக ஆடினான். படப்பையிலிருந்து ஆடும் பாலு என்பவன் அவனைத் தன் அணியில் சேர்த்துக்கொண்டான். பாலுவின் கூட்டாளி ஷ்யாம்சுந்தர் இன்னொருவன். நான்காவது இடத்துக்கு அன்றன்று யார் கிடைக்கிறார்களோ அவர்கள். "மச்சான், நீ இல்லாட்டி நாம அம்பேல்" என்று பாலு சொல்லும்போது ஷீலாவுக்கு உள்ளுக்குள் குளிரும். அவளை அதுவரை யாரும் மச்சான் என்று கூப்பிட்டதில்லை. பெண்களைப் பற்றி அவர்கள் பேசுவதெல்லாம் காதில் விழும். நம்மைச் சொல்லவில்லையே என்று இருந்துவிடுவாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச் முடிந்து வந்த பகலில், நான்காவது ஆளாக ஒரு பெண் வந்து சேர்ந்தாள். தேவதர்ஷினி என்று சொந்தப் பெயரையே வைத்திருந்தாள். மைக்கும் திறந்திருந்தது.

"இன்னா மச்சான், நம்ம டீம்ல பொண்ணு வந்துகீது!" என்றான் பாலு. அப்புறம் அவன் வாய் நிற்கவில்லை. எந்த ஏரியா, ஆள் இருக்கானா, போட்டோ அனுப்பு என்று போய், அதற்கும் கீழே இறங்கியது. அந்தப் பெண் முதலில் சிரித்துச் சமாளித்தாள். பிறகு, "கேம் ஆடுங்கண்ணா" என்றாள். அதற்குள் அவள் தனியாகவே எதிர் அணியில் இரண்டு பேரை வீழ்த்தியிருந்தாள். அடிபட்டுக் கிடந்த சவுரியையும் ஓடி வந்து எழுப்பிவிட்டாள்.

"சவுரி அண்ணா, நீங்க ஒருத்தர்தான் டீசன்டா இருக்கீங்க. இவங்ககிட்ட நீங்களாவது சொல்லுங்களேன்."

வக்காலத்து வாங்கினால் ஏன் என்று கேட்பார்கள் என்று ஷீலா பயந்தாள். கேட்டால் எங்கே போய் முடியுமோ. விரல்கள் தாமாக எழுதின: "தங்கச்சி, அடுப்புல குழம்பு தீயுது, போய்ப் பாரு."

பாலுவும் ஷ்யாம்சுந்தரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அந்தப் பெண் ஆட்டத்திலிருந்து வெளியேறிவிட்டாள்.

அத்தோடு போயிருந்தால் ஷீலா மறந்திருப்பாள். பாலு நெட்டில் அந்தப் பெண்ணின் பக்கத்தைத் தேடிப் பிடித்து, அவள் போட்டோவின் மேல் "குழம்பு தீயுது" என்று எழுதிச் சுற்றில் விட்டான். தென்சென்னையில் இந்த ஆட்டம் ஆடுகிறவர்களின் குழுக்களிலெல்லாம் அது ஓடியது. ஷீலாவின் போனுக்கும் வந்தது. அவள் அதை அழித்துவிட்டு ஸ்கூட்டர் வகுப்புக்குப் போனாள். அன்றைக்கு ஹாரன் அடிக்கச் சொல்லக் குரல் எழவில்லை.

பிறகு மேடவாக்கத்தில் ஒரு மண்டபத்தில் போட்டி நடத்தினார்கள். ஆன்லைன் சுற்றுகளில் ஜெயித்து பாலு அணி அரையிறுதிக்கு வந்திருந்தது. நேரில் வந்துதான் ஆட வேண்டும். ஷீலா வராமல் இருந்திருக்கலாம். ஆனால் இத்தனை நாள் ஜெயித்துக் கொடுத்தவள் தான்தான் என்று அவர்கள் முகத்துக்கு நேராகச் சொல்லிப் பார்க்க வேண்டும் என்று ஒரு ஆசை. அவர்கள் வாயடைத்து நிற்பதை மனதுக்குள் பலமுறை பார்த்துவிட்டாள். அந்தப் பெண் அங்கே வரக்கூடும் என்று மட்டும் நினைத்துப் பார்க்கவில்லை.

பாலு, செல்போன் கடையில் வேலை பார்க்கும் ஒல்லிப் பையன். சவுரியின் டீம் எது என்று விசாரித்துக்கொண்டு வந்தவளை, சவுரியின் வீட்டுக்காரி என்று நினைத்து எழுந்து நாற்காலி போட்டான். "உக்காருங்கக்கா. சவுரி அண்ணன் வரலயா?"

"நான்தான் சவுரி."

அவன் சிரித்தான். பிறகு சிரிப்பு நின்றது. "அப்போ, நாங்க பேசினதெல்லாம் கேட்டுகினேவா இருந்தீங்க?" அவன் முகம் செத்துப்போயிற்று. ஷீலா ஆசைப்பட்டதும் இதைத்தான். ஆனால் அவளுக்கு அதில் ஒரு சந்தோஷமும் வரவில்லை. கேட்டுக்கொண்டு மட்டுமா இருந்தாள்?

அந்நேரம் மூன்று தோழிகளோடு தேவதர்ஷினி உள்ளே வந்தாள். ஒரு மூலையிலிருந்து எவனோ, "குழம்பு தீயுது!" என்று கத்தினான். மண்டபமே சிரித்தது. அந்தப் பெண் நேரே போட்டி நடத்துகிற லக்ஷ்மிநாராயணனிடம் போய், மேஜைமேல் ஒட்டியிருந்த டீம் பெயரைப் பார்த்து பாலுவைக் கைகாட்டினாள். "சார், என் போட்டோவ பரப்புனது இவங்க டீம்தான்."

பாலு ஒரு கணம் திணறினான். அப்புறம் அவன் கண் ஷீலாவின் மேல் விழுந்தது. "சார், எங்க டீம்லயே ஒரு அக்கா கீறாங்க. நாங்க போய் பொண்ணுங்கள கிண்டல் பண்ணுவோமா? நீங்களே அக்காவக் கேளுங்க."

எல்லோரும் ஷீலாவைப் பார்த்தார்கள். லக்ஷ்மிநாராயணன், "சொல்லுங்கம்மா" என்றார். அவர் குரலில், இல்லை என்று சொல்லிவிட்டால் வேலை முடிந்தது என்கிற அவசரம் தெரிந்தது.

"அந்தப் பொண்ணு சொல்றது உண்மைதான் சார்" என்றாள் ஷீலா. தன் குரல் தனக்கே கேட்கவில்லை என்று தோன்றியது. மறுபடி சொன்னாள். "போட்டோவ போட்டது பாலு. அதுல இருக்கிற வார்த்தைய முதல்ல எழுதினது நான்."

தேவதர்ஷினி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "நீங்களா சவுரி அண்ணா?"

"ஆமாம்மா."

"உங்ககிட்டதானே நான் கேட்டேன்."

ஷீலா, தன்னிடமும் அதே வார்த்தையை ஒருவன் சொன்னான் என்று ஆரம்பித்தாள். அந்தப் பெண் கையைக் காட்டி நிறுத்தினாள். "அப்போ எப்படி இருக்கும்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. தெரிஞ்சே எழுதினீங்க. அவன் ஒரு முட்டாள், போகட்டும். உங்கள என்னன்னு நினைக்கிறது?"

மன்னிச்சுக்கோ என்றாள் ஷீலா. தேவதர்ஷினி அதைக் கேட்காதவள் போல் தோழிகளிடம் திரும்பிவிட்டாள்.

பாலு அணியை வெளியேற்றினார்கள். சவுரியும் அதில் அடக்கம். வெளியே வந்ததும் ஷ்யாம்சுந்தர், "உன்னால கேவலமாப் போச்சு" என்று அவள் காதுபடச் சொன்னான். பாலு வண்டியை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போனான். ஷேர் ஆட்டோவில் மடியில் பையை அணைத்தபடி ஷீலா தாம்பரம் வந்து சேர்ந்தாள்.

வில்பிரட்டிடம், பையன்கள் ஒரு பெண்ணைக் கிண்டல் செய்தார்கள், நான் எழுந்து உண்மையைச் சொன்னேன் என்றாள். "நல்ல காரியம் பண்ணின" என்றான் அவன். சாப்பிட்டு முடித்துத் தட்டை எடுக்கும்போதுதான் மீதியையும் சொன்னாள். "நீ ஏன் அப்படி எழுதின?" என்று மட்டும் கேட்டான்.

"அவங்க என்னை விட்டுறக் கூடாதுன்னு" என்றாள். சொன்ன பிறகு அது எவ்வளவு அற்பமாகக் கேட்டது என்று அவளுக்கே தெரிந்தது.

இப்போது அவள் சொந்தப் பெயரில்தான் ஆடுகிறாள். மைக் திறந்தே இருக்கிறது. பழைய வார்த்தைகள் எல்லாம் வருகின்றன. சில நாள் திருப்பிக் கொடுக்கிறாள், சில நாள் போனைக் கவிழ்த்துவைத்துவிட்டுப் போய்விடுகிறாள். வேறொரு பெண்ணை யாராவது சீண்டினால் மட்டும் போவதில்லை. ஆட்டம் தோற்றாலும் இருந்து சண்டை போடுகிறாள். தேவதர்ஷினிக்கு அனுப்பிய நட்பு அழைப்பை அவள் ஏற்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. இன்னொரு முறை அனுப்ப ஷீலாவுக்கு முகமில்லை.