நேற்றைய வெயில்

கனடாவில், மார்க்கம் நகரக் கோயில் மண்டபத்தைக் குளிர்காலத்தில் சூடாக்கும் ஹீற்றிங் அந்த அண்ணையின் பொறுப்பு. நரைத்த தாடி, கம்பளித் தொப்பி, வெறுங்கால். கூரையில் வெயில் சூடாக்கும் தண்ணீர் மண்டப நிலத்துக்கடியில் குழாய்களில் ஓடும்; ஒருநாள் வெயிலின் சூடு மறுநாள்தான் மேலே வரும். அவர் ஓரிடத்தில் நிற்கமாட்டார்; சூடு பார்க்க உள்ளங்காலால் நிலத்தைத் தடவித் தடவி நடப்பார்.

பஜனைக்குப் போன நாங்கள் வழக்கம்போலத் தடித்த கம்பளங்களை விரித்து, அவற்றின்மேல் அமர்ந்து நடுங்கினோம்.

"அண்ணை, ஹீற்றைக் கூட்டிவிடுங்கோ."

"சூட்டை மூடிப்போட்டு என்னட்டைக் கேக்கிறியள். முதல்ல உதுகளைச் சுருட்டுங்கோ!"

சுருட்டினோம். நிலம் இதமாகச் சுட்டது. அவரோ யன்னலடியில் மேகத்தைப் பார்த்தபடி கால் மாற்றிக்கொண்டு நின்றார்.

"நீங்களும் இருங்கோவன், அண்ணை. இப்ப நல்ல சூடு."

"இது நேற்றையான் வெயில், தங்கச்சி. இண்டைக்கு எங்க எறிக்குது? நாளைக்கு என்ன செய்யிறது?"

பஜனை முடியும்வரை அவர் உட்காரவேயில்லை. இப்போது வானம் மூடினால், மண்டபத்தின் நாளைய சூட்டை நினைத்து, என் வீட்டில் நானும் இருப்புக்கொள்ளாமல் யன்னலடிக்குப் போகிறேன்.