மானிட்டர்களை விசாரித்த வாரம்

கேபிளைப் பிடுங்கி மறுபடி செருகியதும் கணினி 'டிங்' என்றது. ஏணியிலிருந்து இறங்கி வந்து திரை அமைப்புகளைத் திறந்து பார்த்தால், மேலே தொங்கும் மானிட்டரின் மாடல் பெயர் அப்படியே எழுதியிருந்தது. நான் தட்டச்சு செய்யவில்லை. வேறு யாரும் செய்திருக்க முடியாது. அப்படியென்றால் மானிட்டரே கேபிள் வழியாகத் தன் பெயரைச் சொல்லியிருக்கிறது! பெயரைச் சொல்கிற பொருள் சீரியல் எண்ணையும் சொல்லாதா என்ன? கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரை அங்கேயே போட்டுவிட்டு என் மேஜைக்கு ஓடினேன்.

ஒரகடத்தில் கார்களுக்கு உதிரிபாகம் செய்யும் ஓர் ஆலையின் ஐ.டி. பிரிவில் நான் ட்ரெய்னி. ஒவ்வொரு உற்பத்தி லைனுக்கும் மேலே ஒரு மானிட்டர் தொங்கும். இன்றைய இலக்கு எவ்வளவு, இதுவரை ஆனது எவ்வளவு என்று சிவப்பிலும் பச்சையிலும் காட்டிக்கொண்டே இருக்கும். அதில் ஒன்றைக் காணோம் என்று அக்காவை ஆலை கேட்டோடு நிறுத்தி வைத்திருந்தார்கள். அதனால்தான் அந்த ஓட்டம்.

அக்கா என்றால் கூடப் பிறந்தவர் இல்லை. கான்ட்ராக்டர் மூலம் ஹவுஸ்கீப்பிங் வேலைக்கு வருகிறவர். நான் படப்பையில் ஷேர் ஆட்டோ ஏறி, பக்கத்து சீட்டில் பையை வைத்து இடம் பிடிப்பேன். அவர் சேரப்பணஞ்சேரியில் ஏறிக்கொள்வார். அவரை நிறுத்திய மறுநாளும் பழக்கத்தில் பையை வைத்திருந்தேன். டிரைவர் கண்ணாடியில் பார்த்து, "இன்னாம்மா, உன் பைக்கும் சேத்து ஆள் கணக்கு போட்டுக்கவா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

நடந்தது இதுதான். ஆயுத பூஜைக்காக ஆலையில் இருக்கிற அத்தனை மிஷினையும் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைப்பார்கள். மானிட்டர்களையும் பூஜைக்கு முந்தைய நாள் கழற்றி இறக்கி, டிராலியில் அடுக்கி, துடைத்துப் பொட்டு வைத்து மறுபடி மாட்டுவார்கள்.

"மிஷினுக்கெல்லாம் வெச்சிட்டு டிவிய மட்டும் வுட்டா அதுக்கு கோவம் வராது?" என்றார் அக்கா. அவருக்கு எல்லாத் திரையும் டிவிதான்.

போன வருஷத்துச் சந்தனம் பின்பக்கம் காய்ந்து கல்லாகியிருந்தது. தண்ணீருக்கு அசையவில்லை. அக்கா பெயின்ட் பிரிவுக்குப் போய்க் கொஞ்சம் தின்னர் வாங்கி வந்து தேய்த்தார். சந்தனம் போயிற்று. கூடவே, ஆலை ஒட்டியிருந்த அடையாள ஸ்டிக்கரின் மையும், சீரியல் எண் ஸ்டிக்கரின் மையும் போயின. பின்பக்கமெல்லாம் வெறும் வெள்ளைச் சதுரங்கள். "புதுசு மாரி கீது பாத்தியா?" என்று இடுப்பில் கை வைத்து நின்றார். உண்மையிலேயே பளபளவென்றுதான் இருந்தன.

பூஜை விடுமுறை முடிந்து, ஆலைப் பொருள்களை எண்ணிப் பார்க்கும் சொத்துச் சரிபார்ப்பு வந்தது. லைன்களில் ஒரு மானிட்டர் குறைந்தது. டிராலியைத் தள்ளியது அக்கா. ஸ்டிக்கரை அழித்தது அக்கா. சரிபார்ப்பை நடத்திய அட்மின் சாருக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்? "எந்தத் தைரியத்துல ஸ்டிக்கர அழிச்ச?" என்றார். அக்கா சந்தனத்தைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். யாரும் முழுதாகக் கேட்கவில்லை. கான்ட்ராக்டர் வந்து, "கெடைச்சா சொல்லி அனுப்பறோம், அதுவரைக்கும் வராத" என்று முடித்துவிட்டார். அதே கான்ட்ராக்டர்தான் இங்கிருந்து இருங்காட்டுக்கோட்டை வரைக்கும் பாதி கம்பெனிகளுக்கு ஆள் அனுப்புகிறார். அவர் வாயில் திருடி என்று பெயர் விழுந்தால் இந்தச் சாலையில் எந்த கேட்டும் திறக்காது.

மேஜைக்கு ஓடி வந்து எழுதிய நிரல் சில வரிகள்தான். தன்னோடு இணைந்திருக்கும் மானிட்டரின் விவரங்களை விண்டோஸ் ஏற்கெனவே ஓரிடத்தில் வாங்கி வைத்திருக்கிறது. செய்த கம்பெனி, மாடல், சீரியல் எண், செய்த ஆண்டு. கேட்டால் கொடுத்துவிடும். முதலில் வந்த பதில் வெறும் எண்களின் வரிசை, கடைசியில் ஏகப்பட்ட பூஜ்ஜியங்கள். தப்பு செய்துவிட்டேன் என்று நினைத்தேன். அப்புறம்தான் ஒவ்வொரு எண்ணும் ஓர் எழுத்து என்று உறைத்தது. பூஜ்ஜியங்களைத் தள்ளி, எண்களை எழுத்தாக மாற்றினால் சீரியல் எண் முழுதாக வந்து நின்றது. அதே கேள்வியை நெட்வொர்க் வழியாக ஆலையின் எல்லாக் கணினிகளுக்கும் அனுப்பினேன்.

பின்னால் வந்து நின்ற எங்கள் டீம் லீடர், "என்னம்மா, மானிட்டருக்கெல்லாம் ஆதார் எடுக்கிறியா?" என்றார்.

"ஆமா சார். ஒண்ணு மட்டும் அட்ரஸ் மாறிப் போச்சு."

பதில்கள் வரவர, வாங்கின பில்லில் இருந்த எண்களோடு ஒப்பிட்டேன். பழைய கன்வெர்ட்டர் வைத்து இணைத்த சில மானிட்டர்கள் வாயைத் திறக்கவில்லை. அவற்றுக்கு நேரில் போய், திரை மெனுவில் எண்ணைப் பார்த்தேன். சாப்பாட்டு நேரம் தாண்டியபோது காணாமல் போன எண் வந்துவிட்டது. பயிற்சிக் கூடத்துக் கணினி சொன்னது.

கூடம் காலியாக இருந்தது. சுவரில் அந்த மானிட்டர். பின்னால் கையை விட்டு போனில் படம் எடுத்தேன். வெள்ளைச் சதுரம், மூலையில் இந்த வருஷத்துச் சந்தனம். கூடத்தில் முன்பு இருந்த, சதா மினுக்கிக்கொண்டிருந்த மானிட்டர் பின்பக்க ஸ்க்ராப் குவியலில் கிடந்தது. யாரோ டிராலியிலிருந்து நல்லதை எடுத்து இங்கே மாட்டிவிட்டுக் கெட்டதைத் தூக்கிப் போட்டிருக்கிறார்கள். கூடத்தில் ஒன்று இருக்க வேண்டும், ஒன்று இருந்தது. ஸ்டிக்கரோ வெள்ளை. சரிபார்க்க வந்தவர்களுக்கு எப்படித் தெரியும்?

அட்மின் சாரிடம் மூச்சு வாங்க வாங்கச் சொன்னேன். படத்தைப் பார்த்தார். சீரியல் எண்ணைப் பார்த்தார்.

"கெடைச்சுது, சந்தோஷம்" என்றார். "விசாரணைன்னதும் பயந்துபோய்க் கொண்டாந்து மாட்டியிருப்பா."

"சார், சுவத்துல பிராக்கெட் போட்டு முடுக்கியிருக்கு. அவங்க எப்படி சார்..."

"தனியா செஞ்சான்னு நான் சொன்னேனா?"

டீயை எடுத்துக்கொண்டு வேறு வேலை பார்க்கத் தொடங்கிவிட்டார்.

சாயங்காலம் சேரப்பணஞ்சேரியில் இறங்கி அக்கா வீட்டுக்குப் போனேன். வாசலில் துணி எடுத்துக்கொண்டிருந்தவர் என்னைப் பார்த்ததும், "கெடைச்சிதா?" என்றார். வா என்று கூடச் சொல்லவில்லை.

"கெடைச்சிடுச்சுக்கா. ட்ரெய்னிங் ஹால்ல மாட்டியிருக்காங்க."

"அடப்பாவிங்களா! அந்த ஹாலக் கூட நான்தான பெருக்கிக்கினு இருந்தேன்!" என்று சிரித்தார். வெகு நாள் கழித்துச் சிரித்தது போல அந்தச் சிரிப்பு நடுவில் இருமலானது. அட்மின் சார் சொன்னதைச் சொல்லாமல் திரும்பிவிடலாம் என்று பார்த்தேன். ஆனால், "அப்ப நாளைக்கு வரட்டா?" என்று அவரே கேட்டுவிட்டார். சொல்ல வேண்டியதாயிற்று.

கையிலிருந்த துணியை மடித்து முடித்தார்.

"காணாம போனாலும் நான்தான், கெடைச்சாலும் நான்தானா பாப்பா?"

 உள்ளே போய் யூனிபார்மை எடுத்து வந்தார். துவைத்து, இஸ்திரி போட்டு, அடையாள அட்டையை மேலே வைத்திருந்தார். "இத்த திருப்பித் தரணுமாம். நான் அந்த கேட்டாண்ட வந்து நிக்க மாட்டேன். நீ எடுத்துனு போறியா?"

"இப்ப வேணாம்க்கா."

"பின்ன எப்ப?"

 தண்ணீர் கொடுத்தார், குடித்தேன். தெருமுனை வரை வந்து ஆட்டோ ஏற்றிவிட்டார். படப்பை வரும் வரை கோபம் அட்மின் சார் மேல் இருந்தது. இறங்கி நடக்கும்போது நான் எழுதிய நிரல் மேல் திரும்பியது. எந்த மானிட்டர், எங்கே இருக்கிறது என்று மட்டும்தான் கேட்டிருக்கிறேன். எப்போது வந்தது என்று கேட்கவே இல்லை!

ஒரு மானிட்டரை முதன்முதலில் இணைத்த தேதியையும் விண்டோஸ் பதிந்து வைக்கிறது என்று வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன். அது பூஜைக்கு முந்தைய நாளாக இருந்தால், விசாரணைக்குப் பயந்து கொண்டுவந்து மாட்டினாள் என்ற பேச்சு நிற்காது. அப்போது விசாரணையே இல்லையே. ஆனால் அந்தக் கணினியின் கடிகாரம் சரியாக ஓடியதா தெரியாது. தேதி அழியாமல் இருக்கிறதா என்பதும் தெரியாது. போதாக்குறைக்கு, பயிற்சிக் கூடத்துக் கணினியில் இருப்பதையெல்லாம் அழித்து இந்த வாரத்துக்குள் ஃபார்மட் செய்யச் சொல்லி என் பெயருக்கே வேலை வந்திருக்கிறது.

நாளை முதல் ஷிப்ட் உள்ளே வருவதற்குள் அங்கே போய்விடுவேன். ஃபார்மட் செய்யப் போவதில்லை. முதலில் கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். அப்புறம் அந்த ஒரு தேதியைக் கேட்க வேண்டும்.