மலைக்குத் தனி மார்க்

எட்டாம் வகுப்புப் பாதியில் அப்பா என்னைப் பெரியகுளத்துப் பள்ளியிலிருந்து பிடுங்கி மேலே கொண்டுவந்தார். கொடைக்கானல்காரர்களுக்கு உலகம் ரெண்டுதான்: மேலே, கீழே. பெரியகுளம், வத்தலக்குண்டு, பழனி, மதுரை எல்லாமே கீழே. அதுவரை நான் கீழே சித்தி வீட்டில் தங்கி, சித்தி மகளோடு ஒரே பெஞ்சில் படித்துக்கொண்டிருந்தேன்.

காரணம், உதவித்தொகைத் தேர்வு. அதில் தேறினால் பன்னிரண்டு வரைக்கும் படிக்கலாம். இல்லாவிட்டால் பத்தோடு நிறுத்திக்கொண்டு, வட்டக்கானல் விடுதியில் அம்மா பார்க்கிற வேலைக்குப் போக வேண்டும். வீட்டில் இதை என் எதிரிலேயே பேசினார்கள். கட்-ஆஃப் ஊருக்கு ஊர் மாறும் என்று அப்பா ஜீப் ஓட்டுகிற ஸ்டாண்டில் யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். அது உண்மைதான். மலைக்குக் குறைவாகத்தான் வைப்பார்கள் என்பது ஸ்டாண்டில் சேர்த்துக்கொண்டது. இந்தக் குளிரில் படிக்கிற பிள்ளைகளுக்கு அதுகூடவா செய்ய மாட்டார்கள் என்று அப்பாவும் நம்பிவிட்டார். பள்ளியில் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். மழை வருமா என்பதைக்கூட ஸ்டாண்டில் கேட்கிற மனுஷர் அவர்.

மேலே எங்கள் நாயுடுபுரம் வீட்டில் உட்கார்ந்து படித்துத் தேர்வு எழுதினேன். மார்க் நன்றாகத்தான் வந்தது, பட்டியலில் என் பெயர் இல்லை. கட்-ஆஃப் மாவட்ட வாரியாகத்தான், மலைக்கென்று தனியாக ஒன்றும் கிடையாது என்று தலைமையாசிரியை பொறுமையாக விளக்கினார். கொடைக்கானல் திண்டுக்கல்லோடு சேர்த்தி. பெரியகுளம் தேனி மாவட்டம். அந்த வருஷம் திண்டுக்கல்லுக்கு அதிகம், தேனிக்குக் குறைவு.

அன்று சாயங்காலம் சித்தி மகள் போன் செய்தாள். அவளுக்குக் கிடைத்துவிட்டது. அவள் மார்க் என்னுடையதைவிட நாலு குறைவு. அவளாகவே அதைச் சொல்லிவிட்டு, என்ன பேசுவதென்று தெரியாமல் வைத்துவிட்டாள். எனக்கு அப்பா மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

அப்பா ஜீப்பை நிறுத்திவிட்டு வந்தார். தலைமையாசிரியை சொன்னதை அதற்குள் அம்மா அவரிடம் சொல்லியிருந்தாள். ஸ்வெட்டரைக்கூடக் கழற்றாமல் என் எதிரில் உட்கார்ந்தார்.

"சித்தி மக எம்புட்டு எடுத்தா?"

கேட்டுவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்தார். நான் என் மார்க்கோடு பத்தைக் கூட்டிச் சொல்லி, அதுக்கே அவளுக்கு மயிரிழையில்தான் கிடைத்தது என்றேன்.

"அப்ப நீ அங்கனயே இருந்திருந்தாலும் கெடச்சிருக்காது" என்றார்.

ஆமாம் என்றேன். எழுந்துபோய் ஸ்வெட்டரைக் கழற்றி மாட்டினார். அன்றைக்கு நன்றாகச் சாப்பிட்டார்.

பத்தாவது முடித்ததும் ரெண்டு வருஷம் வட்டக்கானலில் படுக்கை விரிப்பு துவைத்தேன். மறுபடி படிக்கப் போனது அதற்கு அப்புறம்தான். அந்த ரெண்டு வருஷமும் காலையில் அப்பாதான் ஜீப்பில் கொண்டுபோய் விடுவார். வழியெல்லாம் ஏதாவது பேசிக்கொண்டே வருவார். நான் உண்மையைச் சொல்லியிருந்தால், என்னை அங்கே இறக்கிவிட அவருக்கு மனசு வந்திருக்காது.