காஜா பேராங் வீட்டில் சொல்லி வைத்தது

தரகர் நானாவின் சைக்கிள் தெருமுனையில் திரும்பும்போதே எங்களுக்குத் தெரிந்துவிடும். ஜப்பான்காரன் காலத்தில் டயருக்கு எங்கே போவது? தண்ணீர் பாய்ச்சும் ரப்பர் குழாயை வெட்டிச் சக்கரத்தில் சுற்றி, கம்பியால் முறுக்கிக் கட்டியிருந்தார். அந்த முடிச்சு ஒவ்வொரு சுற்றுக்கும் தரையில் பட்டு டொக்கு டொக்கென்று சத்தம் போடும். சத்தம் கேட்டதும் அம்மா, "வந்துட்டாருடி வீட்டப் புடுங்க" என்று முணுமுணுத்தபடி முந்தானையைச் சரிசெய்துகொண்டு எழுந்திருப்பாள். அவரை வரச் சொன்னதும் நாங்கள்தான். வராமல் இருந்தால் நல்லது என்று நினைத்ததும் நாங்கள்தான். அந்த நாட்களை இப்போது நினைத்தாலும் பசியைவிட அந்த அலுப்புதான் முதலில் வருகிறது.

மலாக்காவில், காஜா பேராங்கில் அப்பா கட்டிய வீடு அது. பலகைச் சுவர், தகரக் கூரை, பின்னால் ஒரு கிணறு. சண்டைக்கு முன்பே அப்பா அந்த வீட்டுக் கூடத்தில்தான் காலமானார். அதற்குப் பிறகு வீட்டில் அம்மா, அண்ணன், நான் என்று மூன்றே பேர். அண்ணன் கடைத்தெருவில் ஒரு மளிகைக் கடையில் வேலை பார்த்தார். ஒருநாள் மண்ணெண்ணெய் வாங்கப் போனவரை வழியில் வளைத்து லாரியில் ஏற்றிவிட்டார்கள். சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தோம். எங்கள் வீட்டுக்கும் வரும் என்று நினைக்கவில்லை. போட்டிருந்த சட்டையோடு போனவர். அவர் கொண்டுபோன டின்னை யாரோ தெரிந்தவர் எடுத்துவந்து வாசலில் வைத்துவிட்டு, அம்மாவின் முகத்தைப் பார்க்காமலே போய்விட்டார்.

அண்ணன் சம்பளம் நின்றது. ரேஷனில் கிடைத்ததைக் கஞ்சியாக்கி, அந்தக் கஞ்சியையும் தண்ணீர் ஊற்றி நீட்டினோம். எனக்குக் கால் வீங்க ஆரம்பித்தது. விரலால் அமுக்கினால் குழி விழுந்து அப்படியே நிற்கும். அப்போது எனக்குப் பதினாறு, பதினேழு வயது இருக்கும். கிணற்றடிக்கு நடக்கவே மூச்சு வாங்கியது. பட்டணத்துக்கு வெளியே புக்கிட் காதிலில் அம்மாவுக்குத் தூரத்து உறவினர் ஒருவர் இருந்தார். அங்கே ஒரு குடிசையும் மரவள்ளி நடக் கொஞ்சம் நிலமும் விலைக்கு வந்தது. வீட்டை வாடகைக்கு விடலாமே என்று யாரும் கேட்கலாம். வாடகையாக வாழைமரம் போட்ட ஜப்பான் நோட்டுதான் வரும். நாளுக்கு நாள் மதிப்பு இறங்கும் அதைக் கொண்டு நிலம் வாங்க முடியாது. ஆக, வீட்டை விற்றால்தான் நான் பிழைப்பேன். விற்றாலோ, அண்ணன் திரும்பி வரும்போது அவருக்குத் தெரிந்த ஒரே கதவை வேறு யாரோ திறப்பார்கள். இந்த இரண்டுக்கும் நடுவில் அம்மா கிடந்து நசுங்கினாள்.

இதெல்லாம் நானாவுக்குத் தெரியாது. மகன் வெளியூரில் இருக்கிறான் என்றுதான் அம்மா சொல்லி வைத்திருந்தாள். அவர் மலாக்காவில் பல தலைமுறையாக வியாபாரம் செய்த தமிழ் முஸ்லிம் குடும்பத்துக்காரர். துணிக்கடை மூடிப்போனதால் வீட்டுத் தரகில் இறங்கியவர். அம்மாவைத் "தங்கச்சி" என்பார், என்னைப் "புள்ள" என்பார். முதலில் அவர் ஒரு சீன முதலாளியை, தௌக்கேயை, அழைத்து வந்தார். அம்மா இந்தியாவிலிருந்து கல்யாணமாகி வந்தவள், சந்தையில் சாமான் வாங்கும் அளவுக்குத்தான் மலாய் வரும். அதனால் பேச்செல்லாம் நானா வழியாகத்தான்.

"மழ பேஞ்சா அடுப்படியில கணுக்கால் தண்ணி நிக்கும்னு சொல்லுங்க நானா" என்றாள் அம்மா.

நானா கண் இமைக்காமல் தௌக்கே பக்கம் திரும்பி மலாயில் சொன்னார்: இந்த வீட்டில் தண்ணீர்ப் பஞ்சம் என்பதே கிடையாதாம்.

தௌக்கே சந்தோஷமாகத் தலையாட்டினார். அம்மாவுக்கு அந்த அளவு மலாய் புரிந்துவிட்டது. வாயைத் திறக்காமல் தௌக்கேயை அடுப்படிக்குக் கூட்டிப்போய், பலகைச் சுவரில் வெள்ளம் ஏறி நின்ற கறையைக் கையால் தொட்டுக் காட்டினாள். அவ்வளவுதான், ஆள் திரும்பி வரவில்லை. அடுத்து வந்த மலாய் குமாஸ்தாவுக்குக் கூரையின் ஓட்டையைக் காட்டினாள். அதற்கடுத்து வந்தவரிடம் கிணற்றடியில் பாம்பு என்று கையை நெளித்துக் காட்டினாள்; அது சுத்தப் பொய். நானா தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவிக்கொண்டே, "யா அல்லா, தங்கச்சி, நீங்க வீட்ட விக்கிறீங்களா, வீட்டு மேல கேசு போடுறீங்களா?" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. அந்த வருஷத்தில் நான் சிரித்தது அந்த ஒரு தடவையாகத்தான் இருக்கும்.

வெயில் தணியாத ஒரு பிற்பகல், வந்தவர்கள் போன பிறகும் நானா போகவில்லை. வாசற்படியில் உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"ஒண்ணு கேக்குறேன், தப்பா நெனைக்காதீங்க. தண்ணி நிக்கிதுன்னீங்க, ஒழுகுதுன்னீங்க, பாம்புன்னீங்க. உங்க வீட்டுக்காரரு இந்தக் கூடத்துலதானே மவுத்தானாரு? சாவு விழுந்த வீடுன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா எவனும் படியேறியிருக்க மாட்டான். அத மட்டும் ஏன் சொல்லல?"

அம்மா பதறிப்போய் எழுந்துவிட்டாள். "அந்தப் பேச்சு வேண்டாம் நானா! புள்ள வெளிய போயிருக்கான். அவன் திரும்பி வர்ற வரைக்கும் அந்த வார்த்த இந்த வீட்டுல என் வாயில வரக்கூடாது."

"எங்க போயிருக்கான்?"

நான்தான், "சயாமுக்கு" என்றேன்.

நானா டம்ளரைக் கீழே வைத்தார். அம்மா அதுவரை எனக்கு முன்னால் அழுததில்லை. அன்றைக்கு அழுதாள். "வித்தா அவன் வந்து ஏமாந்து நிப்பான். விக்கலன்னா இவ போயிடுவா. நான் என்ன நானா செய்வேன், நீங்களே சொல்லுங்க" என்று வாசல் என்றும் பார்க்காமல் தலையில் அடித்துக்கொண்டாள். நானா சைக்கிளை எடுத்தார். போகும்போது, "ஆள மாத்துறேன் தங்கச்சி. கொஞ்சம் பொறுங்க" என்று மட்டும் சொன்னார்.

அவர் அடுத்து அழைத்து வந்தது ஒரு செட்டி அம்மாளை. எங்கள் பக்கத்து மலாக்காச் செட்டிகளை அறியாதவர்களுக்குச் சொல்ல வேண்டும். நம்மைப் போலவே கோயிலுக்குப் போவார்கள், திருநீறு பூசுவார்கள். ஆனால் எத்தனையோ தலைமுறையாக வீட்டுப் பேச்சு மலாய்தான், தமிழ் வராது. கெபாயாவும் சாரோங்கும் உடுத்தி, நெற்றி நிறையத் திருநீறோடு, சின்ன மகளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். "இந்தம்மா வாங்கி விக்கிறவங்க இல்ல" என்றார் நானா. "இங்க பக்கத்துல இருக்குற அவங்க கோயில விட்டு நகர மாட்டாங்க. உங்க மவன் எப்ப வந்தாலும் கதவத் தொறக்க ஆளு இருக்கும். நோட்டு வேண்டாம், நகையாக் குடுங்கன்னும் பேசிட்டேன். உங்க மவன் வந்தா எங்க போகணும்னு சொல்லவும் ஒத்துக்கிட்டாங்க."

அம்மா அன்றைக்கு எந்த ஓட்டையையும் காட்டவில்லை. ஆனால் ஒரு நிபந்தனை போட்டாள். மகனுக்குச் சொல்வதைத் தமிழில் சொல்ல வேண்டும்.

"உங்க மவனுக்கு மலாய் தெரியாதா?"

"தெரியும். மலாய்ல சொன்னா யாரோ எவரோ சொல்றாங்கன்னு போயிடுவான். நம்ம பேச்சுல சொன்னாத்தான் நான் சொல்லிட்டுப் போயிருக்கேன்னு நம்புவான்."

நானா என்னைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், பிறகு செட்டி அம்மாளிடம் மலாயில் விளக்கினார். சிரித்துவிடுவார் என்று நான் பயந்தேன். சிரிக்கவில்லை. மகன் பசியோடு வருவாரா என்று மட்டும் கேட்டார். நானா அதைத் தமிழில் சொன்னதும் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

சொல்லிக் கொடுக்கும் வேலை என் தலையில் விழுந்தது. வீங்கிய காலை நீட்டி உட்கார்ந்து, பொழுதெல்லாம் சொன்னதையே சொன்னேன். தம்பி, அம்மா புக்கிட் காதில்ல இருக்காங்க, சாப்பிட்டுட்டுப் போ. "தம்பி" வந்தது, "அம்மா" வந்தது. "சாப்பிட்டுட்டு" மட்டும் அந்த அம்மாளின் வாயில் எப்படியும் நுழையவில்லை. "சாப்பிட்டுப் போ" என்று சுருக்கினேன். "அது தொரத்துற மாதிரி இருக்குடி" என்று அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. கடைசியில், "சாப்பிடு. அப்புறம் போ" என்று இரண்டாக உடைத்தோம். அது நன்றாகவே வந்தது. கேட்கக் கேட்க எனக்கு அலுத்துப்போனது. அம்மாவுக்கு அலுக்கவில்லை.

சரியாக வந்துவிட்டதா என்று பார்த்த பிறகுதான் பத்திரம் என்றார் நானா. தானே படலுக்கு வெளியே போய் நின்று, "அம்மா!" என்று குரல் கொடுத்தார்.

"எம்மவன் இப்படியா கூப்புடுவான்? சந்தையில ஏலம் போடுற மாதிரி!" என்று அம்மா உள்ளிருந்து சத்தம் போட்டாள்.

நானா தொண்டையைச் செருமிக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, "யம்மா…" என்றார். செட்டி அம்மாள் கதவைத் திறந்து, படலுக்கு வெளியே நின்ற அந்த வயதான மனிதரைப் பார்த்து, ஒரு எழுத்துப் பிசகாமல் முழுவதையும் சொன்னார். நானாவால் திரும்ப உள்ளே வர முடியவில்லை. சைக்கிளைத் துடைப்பதுபோல் அங்கேயே குனிந்து நின்றார். மறுநாள் அம்மா நில ஆபீசில் கைநாட்டு வைத்தாள்.

புக்கிட் காதிலில் கிழங்கும் கீரையும் முருங்கையும் எங்களைக் காப்பாற்றின. என் கால் வீக்கம் வடிந்தது. ஜப்பான்காரன் போனான், வாழைமர நோட்டு குப்பையானது, சயாமிலிருந்து ஒருவர் இருவராக ஆட்கள் எலும்பும் தோலுமாகத் திரும்பினார்கள். ஒருநாள் அப்படி ஒருவர் எங்கள் குடிசை வாசலில் வந்து நின்றார். காஜா பேராங்கில் எங்கள் பழைய வீட்டு வாசலில் தண்ணீர் கேட்கத் தமிழில் குரல் கொடுத்திருக்கிறார். செட்டி அம்மாள் சோறு போட்டு அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டார். "எங்கம்மா இங்க இருக்காங்கன்னு அங்க ஒரு அம்மா சொன்னாங்க" என்றார் வந்தவர். அவருக்கு நினைவு சரியில்லை. என் அம்மா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு உள்ளே கூப்பிட்டு இலை போட்டாள். அண்ணன் பெயரைச் சொல்லிச் சொல்லிக் கேட்டாள். அவருக்கு எதுவும் தெரியவில்லை. அவர் போன பிறகு பாயை விரித்துச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தவள், மறுநாள் வரை எழுந்திருக்கவில்லை.

பின்னால் நானா பலமுறை வந்தார். பட்டணத்தில் நல்ல வீடு, பள்ளிக்கூடம் பக்கம், விலையும் தோது என்பார். அம்மா அசையவில்லை. "புக்கிட் காதில்னுதானே சொல்லி வச்சிருக்கோம்?" என்பாள். வேறு இடம் சொல்லிக் கொடுத்தால் போகிறது என்று நானா சொன்னால், "அந்த வாயில இது வர்றதுக்கே எம்புட்டுப் பாடு. மாத்திக் குடுத்தா ரெண்டும் குழம்பிடும்" என்பாள். நானா சரி என்று தலையாட்டிவிட்டு எழுந்து போவார். ஒருமுறை என்னிடம் தனியாக, "வீடு வித்ததுல எனக்கு மனசு நெறஞ்ச யாவாரம் அது ஒண்ணுதான் புள்ள. மனசு ஆறாததும் அதுதான்" என்றார். அடுத்த வருஷமோ என்னவோ அவர் மவுத்தானதாகச் செய்தி வந்தது. எனக்குக் கல்யாணமாகி, கணவரும் எங்களோடு வந்தே இருந்தார். அம்மா புக்கிட் காதில் வீட்டிலேயே இருந்து போய்ச் சேர்ந்தாள். அதற்குப் பிறகும் நான் நகரவில்லை. சில நாள் அந்த வாக்கியத்தை நான் வெறுத்தேன். ஒரு ஆயுளையே கட்டிப்போட்ட வாக்கியம் அது.

இப்போது எனக்கு எழுபது தாண்டிவிட்டது. படியேற முடியவில்லை. பத்து பெரெண்டாமில் இருக்கும் மகள், போதும் வந்துவிடு என்கிறாள். வீட்டை விற்க ஒரு பையனை அமர்த்தியிருக்கிறாள். கார், டை, கையில் போன். படம் எடுத்தான், ஆள் பிடித்தான், எல்லாம் முடிந்துவிட்டது. கையெழுத்து வாங்கும்போது, "ஆன்ட்டி, இனிமே இங்க இருக்க மாட்டீங்க லா. புது அட்ரஸ் யாருக்காச்சும் சொல்லணும்னா இப்பவே சொல்லிடுங்க, பேங்க், போஸ்ட் ஆபீஸ்…" என்றான். நான் யாருக்கும் இல்லை என்றேன். அன்று சாயங்காலமே மகளின் காரில் காஜா பேராங்குக்குப் போனேன்.

அன்று தாயின் கையைப் பிடித்து வந்த சின்ன மகள்தான் கதவைத் திறந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. தாய் இறந்தும் பல வருஷம் ஆகிறதாம். என்னைச் சொன்னதும் அடையாளம் தெரிந்துகொண்டார். வழியெல்லாம் மனசுக்குள் பழகிக்கொண்டு வந்ததை மலாயில் சொன்னேன்: வீட்டை விற்றுவிட்டோம், புக்கிட் காதிலில் இனி யாரும் இல்லை, அந்த வார்த்தையை இனிமேல் நினைவில் வைத்திருக்க வேண்டாம், இத்தனை காலம் வைத்திருந்ததற்குப் புண்ணியம். சொல்லி முடித்ததும் பெரிய பாரம் இறங்கியதுபோல் இருந்தது.

அவர் மலாயில் கேட்டார்: "அப்போ, அவர் வந்தா எங்கே போகச் சொல்றது?"

காரில் காத்திருந்த மகள் ஹாரன் அடித்தாள். நான் திரும்பிப் பார்க்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தேன். தங்கச்சி, பத்து பெரெண்டாம், இருக்காங்க என்று ஒவ்வொரு சொல்லாகச் சொல்லிக் கொடுத்தேன். அவர் தலையை ஆட்டி, தாயைப் போலவே கண்ணை மூடிக்கொண்டு, "தம்பி…" என்று ஆரம்பித்தார்.

"தம்பி வேண்டாம்" என்று நிறுத்தினேன். "ஐயான்னு சொல்லுங்க. அண்ணனுக்கு இப்ப ரொம்ப வயசாகியிருக்கும்."