நொலீனின் ஹாரன்

அந்த வருஷம் கோதுமை அமோகம், அதனால் எலியும் அமோகம். கொட்டகை, படுக்கை, ரொட்டிப் பெட்டி என்று எதையும் விட்டுவைக்காத எலிகள், ரக்பி லீக் போட்டிகள் தொடங்குவதற்கு முந்தின வாரம் எங்கள் கூராபில் ஊர்த் திடலின் சைரன் ஒயரையும் தின்று தீர்த்தன. முதல் ஆட்டத்தின் இடைவேளைக்கு சைரன் ஊத வேண்டியவள் நொலீன் ஸ்ட்ரகன். சுவிட்சை அழுத்தினாள். சத்தம் வரவில்லை. குழாயின் உள்ளேயிருந்து ஓர் எலி மட்டும் வெளியே வந்து, அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு நிதானமாகப் போனது.

நொலீன் இதற்கெல்லாம் அசருகிறவள் இல்லை. வாசலில் நின்ற தன் பள்ளிப் பேருந்தை ஓட்டிக்கொண்டு வந்து, நடுக்கோட்டுக்கு நேராக வேலியோரம் நிறுத்தி, ஹாரனை அழுத்திப் பிடித்தாள். தாயைத் தேடும் கன்றுக்குட்டி மாதிரி முதலில் ஒரு விசும்பல், பிறகு மெல்ல ஏறி ஏறி ஒரு நீண்ட ஓலம். திடலே திரும்பிப் பார்த்தது.

"இனிமே இதான் சைரன்," என்று ஜன்னல் வழியாகச் சொன்னாள். "பிடிக்காதவங்க போய் எலிகிட்ட சொல்லுங்க."

ஐம்பத்தெட்டு வயது. அதில் பாதி வருஷம் அந்தப் பேருந்தின் ஸ்டியரிங்கைப் பிடித்தே கழிந்திருந்தது. மழையோ, ரோட்டில் வெள்ளமோ, செம்மண் புழுதியோ, நொலீன் பேருந்து நேரம் தவறியதாக ஊரில் ஒருவரும் சொல்ல முடியாது. அந்தக் காரணத்துக்காகத்தான் ஆட்டக் கடிகாரத்தையும் அவள் கையில் கொடுத்திருந்தார்கள். கொடுத்தவர்கள் பின்னால் வருந்தவும் செய்தார்கள். நம் அணி முன்னிலையில் இருக்கும்போது கொஞ்சம் சீக்கிரம் ஊதினால் என்ன குறைந்துவிடும் என்று கேட்டுப் போன சங்கத் தலைவரை அவள் கேட்ட கேள்வியில், அந்த மனிதர் ஒரு மாதம் அவள் இருக்கும் பக்கமே வரவில்லை.

பேருந்து சைரன் ஆனதில் ஒரு சிக்கல் இருந்தது. எங்கள் பக்கத்தில் ஆட்டம் பார்ப்பது என்றால் காரை வேலிக்கு முகம் காட்டி நிறுத்தி, உள்ளே உட்கார்ந்து, கறி அடைத்துச் சுட்ட 'பை' பணியாரத்தைத் தின்றுகொண்டு பார்ப்பதுதான். யாராவது கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் அழுத்தி நான்கு புள்ளி எடுத்தால் கை தட்டுவதில்லை. அத்தனை கார்களும் ஹாரன் அடிக்கும். இந்தக் கூச்சலில் நேரம் முடிந்த ஹாரனை எப்படிப் பிரித்தறிவது? நொலீன் ஒலிபெருக்கியில் கட்டளை போட்டாள்: கடைசி ஐந்து நிமிஷம் அவள் பேருந்தைத் தவிர வேறு எதுவும் வாய் திறக்கக் கூடாது. மீறினால் மறுநாள் அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு நடந்து போக வேண்டியதுதான். ஊர் முணுமுணுத்தது, ஆனால் கேட்டது.

இன்னொரு சிக்கலை யாரும் எதிர்பார்க்கவில்லை. அது லாகி குவில்.

லாகிக்கு இப்போது இருபத்துநான்கு வயது, இடது ஓரத்தில் ஆடுகிறவன், கால் நீளம், புத்தி பாதி தூக்கத்தில். பள்ளி நாளில் ஒரு காலையாவது பேருந்துக்கு நேரத்தில் வந்தவன் இல்லை. அவன் வீட்டு வாசலில் நொலீன் இரண்டு முறை ஹாரன் அடிப்பாள். ஒரு கையில் காலணியும் வாயில் ரொட்டியுமாக வயல் குறுக்கே பறந்து வருவான். பன்னிரண்டு வருஷப் பழக்கம் சும்மா போகுமா? முதல் ஆட்டத்தில் இடைவேளை ஹாரன் கேட்டதும் எல்லாரும் நின்றார்கள், லாகி மட்டும் கையில் பந்துகூட இல்லாமல் கோடு வரை ஓடிவிட்டு வந்தான். திடல் உருண்டு புரண்டு சிரித்தது.

"ஏன்டா ஓடுற?" என்று கேட்டான் அணித் தலைவன் டாரல் மெரிகன்.

"நான் எங்க ஓடினேன், காலு ஓடுது," என்றான் லாகி.

அதற்குப் பிறகு அந்த சீசன் முழுக்க ஹாரன் அடித்தால் லாகி ஓடுவான். எதிரணிக்காரர்கள்கூட வழிவிட்டு நின்று கை தட்டுவார்கள்.

சிரிப்புக்குக் குறைவில்லை, வெற்றிக்குத்தான் பஞ்சம். எங்கள் அணியான கூராபில் காகங்கள் இரண்டு வருஷமாகக் கடைசி இடம். மூன்றாவது வருஷமும் கடைசி என்றால் அணியைக் கலைத்துவிடுவது, ஆட ஆசைப்படுகிறவர்கள் பக்கத்து வாலண்டா ஊரின் சட்டையைப் போட்டுக்கொள்ளலாம் என்று போட்டிக்குழு சொல்லிவிட்டது. வாலண்டா சட்டையாம்! அதற்கு எலி தின்ற சாக்கைப் போட்டுக்கொள்ளலாம்.

நொலீனுக்கு இது சட்டைப் பிரச்சினை மட்டும் இல்லை. காகங்கள் அத்தனை பேரும் அவள் பேருந்தில் ஏறி இறங்கி வளர்ந்தவர்கள். இன்று டாரல் ஊர் ஊராகப் போய் ஆட்டு ரோமம் கத்தரிக்கிறான், லாகி தொலைவில் செம்புச் சுரங்கத்தில் வேலை பார்க்கிறான், மற்றவர்களும் ஆளுக்கொரு திக்கில். ஞாயிறு ஆட்டம் இருப்பதால்தான் சனிக்கிழமை வண்டியைக் கிளப்பிக்கொண்டு ஊர் வருகிறார்கள். அணி போனால் அவர்களும் போவார்கள். கல்யாணம் கட்டாத நொலீனுக்கு ஞாயிறு என்பது பிள்ளைகள் வீட்டுக்கு வரும் நாள். அவள் இதை வாய்விட்டுச் சொன்னதே இல்லை. ஆனால் சனிக்கிழமைகளில் பெரிய தட்டில் பழக் கேக் சுட்டு வைப்பதை ஊர் பார்த்துக்கொண்டுதான் இருந்தது.

உறைபனிக் காலம் முழுக்கக் காகங்கள் பெரும்பாலும் மண்ணைக் கவ்வின. இடையில் இரண்டு வெற்றி வந்தது. அந்த இரண்டு ஞாயிறும் கடைத்தெருவில் யாரைப் பார்த்தாலும் வாயெல்லாம் பல். கடைசி வாரம் வந்தபோது நிலைமை எளிமையாகிவிட்டது. சொந்தத் திடலில் ஓர் ஆட்டம். ஜெயித்தால் கடைசி இடத்திலிருந்து தப்பலாம், இல்லையென்றால் கதை முடிந்தது. எதிரில் யார்? வாலண்டாவேதான்.

ஒவ்வோர் ஆட்டத்துக்கும் எதிரணியும் ஒரு நேரக்காப்பாளரைக் கொண்டுவர வேண்டும், இரண்டு பேரும் அருகருகே உட்கார்ந்து ஒருவரையொருவர் கண்காணிக்க வேண்டும் என்பது விதி. வாலண்டாவின் ஆள் கிளாரி வோஸ், ஓய்வு பெற்ற தபால்காரர். நொலீனும் அவரும் எத்தனையோ வருஷமாக இப்படிச் சண்டை போட்டுக்கொண்டே உட்கார்ந்து வருகிறார்கள். இம்முறை பேருந்தின் முன்சீட்டில், முழங்கால் தாடையில் இடிக்க, கையில் நிறுத்துக் கடிகாரத்தோடு அவர் உட்கார்ந்திருந்தார்.

"போன வருஷத்தை விட கேக் காஞ்சு போயிருக்கே நொலீன்," என்றார், மூன்றாவது துண்டை எடுத்தபடி.

"அப்ப வையி கீழ."

"இல்ல, வீணாப் போயிடுமேன்னு பாத்தேன்."

"உங்க ஊரு பசங்க மாதிரியே பேசுறியே. திங்கிறதும் நீங்க, குறை சொல்றதும் நீங்க."

"அடுத்த வருஷம் எல்லாம் ஒரே ஊரு பசங்கதானே," என்றார் கிளாரி. சொன்ன பிறகுதான் சொல்லியிருக்கக் கூடாது என்று உறைத்திருக்க வேண்டும். கேக் துண்டை மெல்ல மடியில் வைத்துக்கொண்டார். நொலீன் திடல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஆட்டம் இழுபறி. வாலண்டா பதினான்கு, காகங்கள் பன்னிரண்டு. கடைசி ஐந்து நிமிஷம் என்று ஒலிபெருக்கி சொன்னதும் கார்கள் வாயை மூடிக்கொண்டன. அப்படி ஓர் அமைதியை எங்கள் திடல் கண்டதில்லை. காகங்கள் முட்டி மோதிப் பார்த்தார்கள், வாலண்டா சுவர் அசையவில்லை. கிளாரி கடிகாரத்தை நொலீன் பக்கம் சாய்த்துப் பிடித்தார். இன்னும் அரை நிமிஷத்துக்கும் குறைவு. டாரல் திடலின் நடுவில் பந்தோடு நின்றான்.

அப்போது ஹாரன் அடித்தது. பெரிய பேருந்து ஹாரன், காது கிழிய.

அடித்தது வாலண்டா ரசிகர்களைக் கூட்டி வந்த பேருந்து. நொலீனின் கட்டளை ஒலித்த நேரத்தில் அதன் ஓட்டுநர் கறிப் 'பை' வாங்க வரிசையில் நின்றிருந்தார். தன் கைக்கடிகாரப்படி ஆட்டம் முடிந்துவிட்டது, ஊர் ஜெயித்துவிட்டது என்று மனிதர் சந்தோஷத்தில் ஹாரன்மீது சாய்ந்துவிட்டார்.

வாலண்டா ஆட்கள் கையைத் தூக்கிக்கொண்டு ஒருவரையொருவர் கட்டிப்பிடித்தார்கள். காகங்களில் இரண்டு பேர் அப்படியே புல்லில் உட்கார்ந்தார்கள். நொலீன் பதறிப்போய், நான் இல்லை என்று காட்டுவதுபோல, இரண்டு கையையும் விரித்து ஜன்னலுக்கு வெளியே நீட்டினாள்.

டாரலுக்கு அந்தக் கைகளைப் பார்க்கவே தேவையிருக்கவில்லை. விசும்பல் இல்லாமல் எடுத்த எடுப்பில் அலறிய அது நொலீன் ஆன்ட்டியின் ஹாரன் இல்லை என்று அவன் காதுக்கு அப்போதே தெரிந்துவிட்டது. நடுவரின் விசிலும் வரவில்லை. பந்தை இடப்பக்கம் வீசினான். அங்கே லாகி ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தான். ஹாரன் அடித்ததே, பிறகு ஓடாமல் என்ன செய்வான்?

வந்த பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பறந்தான். வாலண்டாக்காரர்கள் பழக்கப்படி வழிவிட்டுச் சிரித்தார்கள். அவன் கையில் பந்து இருப்பதை அவர்கள் கவனித்தபோது அவன் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் அழுத்தியாகிவிட்டது.

அடுத்த நொடி திடல் சந்தை ஆனது. ஆட்டம் முடிந்துவிட்டது என்று வாலண்டா கத்த, முடியவில்லை என்று கூராபில் கத்த, நடுவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு பள்ளிப் பேருந்தின் படியில் ஏறினார்.

"நான் விசில் அடிக்கல. ஆனா கேட்டாகணும். நேரம் முடிஞ்சுதா, முடியலையா?"

நொலீன் வாயைத் திறக்கவில்லை. அவள் சொன்னால் சொந்த ஊருக்குச் சொன்னதாகிவிடும். வாழ்நாள் முழுக்க நேரத்தை ஒழுங்காக வைத்திருந்தவளுக்கு, அந்த நேரத்தை இன்று அடுத்த ஊர்க்காரர் வாயில் விட்டுவிட்டு உட்கார்ந்திருப்பது எப்படி இருந்திருக்கும்? அவள் கிளாரியைப் பார்த்தாள். ஜன்னலுக்கு வெளியே வாலண்டா கூட்டமும் கிளாரியைத்தான் பார்த்தது.

கிளாரி தன் ஊர்க்காரர்களைப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார். உலகத்தில் உள்ள அத்தனை பேருந்து ஓட்டுநர்களையும் தாறுமாறாகத் திட்டினார்.

"முடியலை. இன்னும் கொஞ்சம் ஓடுது," என்றார். "கத்துனது எங்க ஊரு பஸ். இந்தப் பொம்பள பஸ்ஸு அழுதுட்டுத்தான் கத்தும், குருடனுக்குக்கூட வித்தியாசம் தெரியும்."

"யோவ் கிளாரி, நீ யாரு பக்கம்யா?" என்று கீழேயிருந்து ஒருவன் கேட்டான்.

"கேக் பக்கம்டா. பொய் சொல்லி ஜெயிச்சுட்டு அடுத்த வருஷம் எந்த மூஞ்ச வச்சுக்கிட்டு இங்க வந்து உக்காருறது?"

அடுத்த வருஷம் என்று அவர் சொன்னதும் நொலீனுக்குக் கண் நிறைந்துவிட்டது. அவள் அதைத் துடைக்கவும் இல்லை, மறைக்கவும் இல்லை.

பதினாறு, பதினான்கு. மிச்சமிருந்த நொடிகள் ஓடி முடிந்ததும் கிளாரி தலையசைத்தார். "ம், அடி."

நொலீன் அடித்தாள். கன்றுக்குட்டி விசும்பி, ஏறி, ஓலமிட்டது. வேலியைச் சுற்றி நின்ற அத்தனை கார்களும் அடக்கி வைத்திருந்ததையெல்லாம் சேர்த்து அலறின. மரங்களிலிருந்த நிஜக் காகங்கள் ஊரை விட்டே பறந்தன. லாகி இன்னொரு முறை கோடு வரை ஓடிவிட்டு வந்தான்.

வேறு பேருந்தின் ஹாரன் என்று எப்படித் தெரிந்தது என்று எல்லாரும் அவனைச் சூழ்ந்துகொண்டு கேட்டார்கள்.

"வேற பஸ்ஸா?" என்றான் லாகி.

குளித்து உடை மாற்றிய பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஊரைச் சுற்றி வர வேண்டும் என்று முடிவாயிற்று. ஒவ்வொருவராகப் பேருந்தில் ஏறி, பள்ளி நாளில் அவரவர் உட்கார்ந்த இடத்துக்கே அடிபிடி போட்டு உட்கார்ந்தார்கள். கிளாரி முன்சீட்டை விட்டு எழுந்திருக்க மாட்டேன் என்றுவிட்டார். மீதிக் கேக் அவர் மடியில் இருந்தது.

நொலீன் கண்ணாடியில் பின்னால் பார்த்தாள்.

"எங்கடா லாகி?"

"குளிக்கிறான் ஆன்ட்டி. விட்டுட்டுப் போயிடலாம்," என்றான் டாரல்.

நொலீன் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு அவன் வீட்டு வாசலில் அடிப்பதுபோலவே இரண்டு முறை ஹாரன் அடித்தாள். துண்டைச் சுற்றிக்கொண்டு, ஒரு கையில் காலணியும் வாயில் ரொட்டியுமாக, லாகி திடல் குறுக்கே பறந்து வந்தான்.